மொட்டை மாடி ஒழுகினால்: கோட்டிங் வாளி வாங்குவதற்கு முன்னால்

2023 டிசம்பரில் மிக்ஜாம் மழை விட்டு ஆறு நாள் ஆகியிருந்தது. வெளியே சுள்ளென்று வெயில். எங்கள் வீட்டுப் பின் அறையில் மட்டும் வாளிக்குள் சொட்டு விழுந்துகொண்டே இருந்தது. ஆறாம் நாள் விடியற்காலை சீலிங் காரை ஒரு முறத்தளவுக்குப் பெயர்ந்து அம்மாவின் கட்டில் கால்மாட்டில் விழுந்தது. சொட்டுச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று அம்மா அன்றைக்குக் கூடத்தில் படுத்திருந்தார். அதனால் கட்டில் விரிப்போடு போயிற்று.

இத்தனைக்கும் அந்த ஏப்ரலில்தான் 24,000 ரூபாய் கொடுத்து மாடி முழுக்க வெள்ளைக் கோட்டிங் அடித்திருந்தோம். பத்து வருஷம் கியாரண்டி என்றார்கள். அடுத்த ஜனவரியில் இன்னொரு மேஸ்திரி வந்து அங்கங்கே கொத்திப் பூசினார். அதற்கு 11,000. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது அதே மூலையில் அதே வாளி. மூன்றாவது தடவையாக 2025 பிப்ரவரியில் ஒழுங்கான வரிசையில் செய்தோம். அந்த ஆண்டுப் பருவமழை முழுக்க ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன்.

வீடு தாம்பரம் பக்கம். 1996ல் அப்பா கட்டியது. 900 சதுர அடி ஆர்.சி.சி. தளம், மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கி, அதன்மேல் தட்டோடு. உங்கள் வீடும் இந்த மாதிரி என்றால் இதை அப்படியே பின்பற்றலாம். ஓட்டு வீட்டுக்கு இது பொருந்தாது. மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளத்துக்கும் பொருந்தாது. அங்கே சுவருக்குள் இருக்கும் கட்டை நுனி உளுத்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அந்தத் தளத்தில் கைவைத்துப் பழகிய ஆளைத்தான் கூப்பிட வேண்டும். கான்கிரீட் மேஸ்திரி வந்து மேலே இன்னொரு கனமான தளத்தை ஏற்றினால் ஆபத்து.

1. எப்போது சொட்டுகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்

காசு செலவில்லாத வேலை இது. நான் செய்யாமல் விட்டதும் இதைத்தான்.

மழை தொடங்கிய அரை மணி நேரத்தில் ஒழுக ஆரம்பித்து, மழை விட்ட அன்றே நின்றுவிட்டால், தண்ணீர் நேர் வழியில் இறங்குகிறது என்று அர்த்தம். மழைநீர்க் குழாய் வாய், தளத்தைத் துளைத்துப் போகும் ஏதாவது பைப், பெரிய விரிசல், இப்படி ஒன்று இருக்கும். மழை விட்டு ஒரு வாரம், பத்து நாள் சொட்டினால், தட்டோட்டுக்குக் கீழே சுருக்கி நனைந்த பஞ்சாகத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. எங்கள் கதை இரண்டாவது. மழையே இல்லாத மே மாதத்திலும் ஓதம் இருந்தால் மாடியைக் குறை சொல்லாதீர்கள். தண்ணீர்த் தொட்டி, அதிலிருந்து இறங்கும் குழாய், மாடியில் பாத்ரூம் இருந்தால் அதன் தரை, இவற்றைப் பாருங்கள்.

சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள். தட்டோட்டின் ஒரு மூலையில் நுழைந்த தண்ணீர், சுருக்கிக்குள் பத்தடி நடந்து, தளத்தில் எங்கே ஒரு மயிரிழை விரிசல் கிடைக்கிறதோ அங்கே இறங்கும். எங்களுக்குச் சொட்டியது தென்மேற்கு மூலையில். தண்ணீர் நுழைந்ததோ கிழக்குக் கைப்பிடிச் சுவர் ஓரத்தில்.

மாடியில் ஏறிப் பார்க்க வேண்டியவை:

மழைநீர்க் குழாய் வாய். பாதி வீடுகளில் குற்றவாளி இங்கேதான் இருக்கிறான் என்பது என் கட்சி. குழாய்க்கும் தளத்துக்கும் நடுவில் பூசிய சிமென்ட் விட்டிருக்கும். விரலால் நெருடினாலே தெரியும்.

கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை. வெயிலில் தளம் விரியும், இரவில் சுருங்கும், சுவர் அதோடு சேர்ந்து அசையாது. அதனால் அந்த மூலையில் எப்போதும் ஒரு கீறல் ஓடும்.

தண்ணீர்த் தொட்டியின் கால்கள், டிஷ் ஆன்டெனா, ஏ.சி. வெளிப்பெட்டி, துணிக்கொடிக் கம்பி. எவனாவது டிரில் போட்டுத் தளத்தைத் துளைத்திருப்பான்.

தட்டோடுகளைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கெட்டியாக இருப்பது ‘டக்’ என்னும். விட்டுப்போனது ‘டொப்’ என்னும். டொப் என்ற இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டுப் போட்டோ எடுத்துவிடுங்கள். எங்கள் மாடியில் கால்வாசி வட்டமாகிவிட்டது.

பிறகு அரசங்கன்று. எங்கள் கிழக்கு மூலையில் விரல் நீளத்துக்கு ஒன்று முளைத்திருந்தது. வருஷா வருஷம் நான்தான் பிடுங்கிப் போடுவேன், அதாவது தலையை மட்டும் ஒடிப்பேன். தளத்தைப் பெயர்த்தபோது பார்த்தால் வேர் தட்டோட்டுக்கு அடியில் நாலடி ஓடி, சுருக்கிக்குள் வலைபோலப் பின்னிக் கிடந்தது. பென்சில் கனம். அது போன வழியெல்லாம் தண்ணீருக்கும் வழி.

சந்தேகம் தீரவில்லையென்றால் பாத்தி கட்டிப் பாருங்கள். குழாய் வாயைத் துணி மூட்டையால் அடைத்து, பத்துக்குப் பத்து அடிப் பகுதியைச் சுற்றிக் களிமண்ணாலோ சிமென்ட் கலவையாலோ வரப்பு போட்டு, இரண்டு அங்குலத் தண்ணீரை 48 மணி நேரம் நிறுத்துங்கள். பகுதி பகுதியாகச் செய்தால் எந்தப் பகுதி குற்றவாளி என்று தெரியும். அந்தச் சின்னப் பாத்தியில் நிற்கும் தண்ணீரின் எடை ஏறக்குறைய 470 கிலோ. நல்ல தளம் தாங்கும். சீலிங்கில் கம்பி தெரிகிறது, தளம் தொய்ந்திருக்கிறது என்றால் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம், அடுத்த படிக்குப் போங்கள்.

2. சீலிங்கைப் பொறியாளர் பார்க்கட்டும்

காரை விழுந்த இடத்தில் துருப்பிடித்த கம்பி தெரிந்தால், இனி இது ஒழுகல் பிரச்சினை மட்டும் இல்லை. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கும். பருத்து, கீழிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கும். மேலே எத்தனை கோட்டிங் அடித்தாலும் அந்தக் கம்பி திரும்ப வளராது.

உள்ளாட்சியில் பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள். எங்களிடம் வந்தவர் நேரில் பார்த்து, சுத்தியலால் தட்டி, இரண்டு பக்க அறிக்கை எழுதித் தர 6,000 ரூபாய் வாங்கினார். மொத்தச் செலவில் எனக்கு உறுத்தாத பணம் அது ஒன்றுதான். அவரிடம் மூன்று கேள்விக்குப் பதிலை எழுத்தில் வாங்குங்கள்: கம்பி எவ்வளவு தேய்ந்திருக்கிறது, கூடுதல் கம்பி கட்ட வேண்டுமா, வேலை நடக்கும்போது கீழே முட்டுக் கொடுக்க வேண்டுமா.

பழுதுபார்க்கும் முறை இது: முட்டுக் கொடுப்பது, டொப் என்ற காரையையும் கான்கிரீட்டையும் நல்ல பகுதி வரும்வரை கொத்தி எடுப்பது, கம்பியை ஒயர் பிரஷ் போட்டுப் பளபளக்கத் தேய்ப்பது, துருத் தடுப்புப் பூச்சு, பிடிமானத்துக்கு ஒட்டுப் பூச்சு, பிறகு பாலிமர் கலந்த கலவையை அடுக்கடுக்காகப் பூசுவது. கம்பியின் முதுகுப் பக்கமும் தேய்க்க வேண்டும். ஆள் மேலே பார்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்து, தெரிகிற பக்கத்தை மட்டும் தேய்த்துவிட்டு இறங்குவான். ஒரு கண்ணாடித் துண்டை உள்ளே நீட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

3. எந்த வைத்தியம் என்று முடிவு செய்யுங்கள்

கோட்டிங் விற்பவரிடம் போனால் கோட்டிங்தான் மருந்து. டைல்ஸ் கடைக்குப் போனால் கூலிங் டைல்ஸ், அதாவது வெயில் சூட்டைத் திருப்பி அனுப்பும் வெள்ளை ஓடு. அதனால் முடிவை நீங்கள் எடுத்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

தட்டோடு கெட்டியாக இருக்கிறது, விரிசல் மட்டும்தான் என்றால்: இணைப்புகளைக் கீறி அடைத்து, குழாய் வாயைச் சரிசெய்து, மூலைகளில் ஃபைபர் மெஷ் வைத்து, மேலே இரண்டு கை அக்ரிலிக் கோட்டிங். மூன்றிலிருந்து ஐந்து வருஷம் வரும். பிறகு திரும்ப அடிக்க வேண்டும். இதை மருந்தாக இல்லாமல் பராமரிப்பாக நினைத்தால் ஏமாற்றம் இல்லை.

சுருக்கி ஊறிவிட்டது, ஓடு விட்டுவிட்டது என்றால்: எல்லாவற்றையும் பெயர்த்து எடுத்து, வெறும் தளத்துக்கு வாட்டர்ப்ரூஃபிங் செய்து, தண்ணீர் குழாய்ப் பக்கம் ஓடுவதற்கான சரிவு, அதாவது வாட்டம் போட்டு, மேலே ஓடு. நாங்கள் செய்தது இது. நனைந்த சுருக்கிக்கு மேல் கோட்டிங் அடித்தால் உள்ளே சிக்கிய ஈரம் வெயிலில் ஆவியாகிக் கோட்டிங்கை அப்பளம்போல உப்பவைக்கும். என் 24,000 அப்படித்தான் போனது.

இதில் ஒரு குறுக்குவழி சொல்வார்கள். "அக்கா, இதுக்கு மேலயே கூலிங் டைல்ஸ் ஒட்டிரலாம், உடைக்கிற செலவு மிச்சம்" என்றார் ஒரு மேஸ்திரி. மூன்று அங்குலச் சுருக்கியும் தட்டோடும் சதுர அடிக்குப் பதினைந்து கிலோவுக்கு மேல் வரும். 900 சதுர அடிக்குப் பதின்மூன்று டன்னைத் தாண்டுகிறது. ஏற்கெனவே துருத் தின்ற தளத்தின்மேல் இன்னொரு அடுக்கையும் ஏற்றினால் என்ன ஆகும் என்று அவரிடமே கேட்டேன். "எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றார்.

பழையபடி சுருக்கியே வேண்டும் என்றால் தாராளமாகப் போடலாம், வெயிலுக்கு அதைப்போல எதுவும் இல்லை. பொதுப்பணித் துறைக் கணக்கு, செங்கல் ஜல்லி 32 பங்குக்குச் சுண்ணாம்பு 12½ பங்கு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, கட்டையால் தட்டித் தட்டி இறுக்க வேண்டும். தட்டத் தெரிந்த ஆள் கிடைப்பதுதான் பாடு. ஆள் கிடைக்காமல் சுண்ணாம்புக்குப் பதில் சிமென்டைக் கலந்து ‘சுருக்கி’ என்று சொல்லிப் போட்டுவிடுவார்கள். அது விறைத்து விரிசல் விடும்.

மேலே இரும்புச் சட்டம் அடித்து ஷீட் போடுவது இன்னொரு வழி. மழை, வெயில் இரண்டுக்கும் நல்லது. ஆனால் சென்னைக்குக் கட்டட விதிகள் எடுத்துக்கொள்ளும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். பட்டறைக்காரர் கண்ணளவில் நடும் நாலு பைப்புக்கு அந்தக் கணக்கு தெரியாது. பொறியாளர் வரைபடம் இல்லாமல் செய்யாதீர்கள். உள்ளாட்சியிலும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

தளத்தையே இடித்துப் புதிதாகப் போட வேண்டும் என்று பொறியாளர் சொல்லிவிட்டால், அது வேறு உலகம். வீட்டைக் காலி செய்து வெளியே வாடகைக்கு இருக்க வேண்டும். உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேட்டுவிட்டுத்தான் கடப்பாரை எடுக்க வேண்டும். நேரக் கணக்கு மட்டும் சொல்கிறேன்: இந்தியத் தர விதிப்படி நாலரை மீட்டர் வரையிலான அகலத்துக்கு முட்டு ஏழு நாள், அதற்கு மேல் பதினாலு நாள் நிற்க வேண்டும். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் என்பதால் கியூரிங், அதாவது தண்ணீர் விட்டு ஈரமாகவே வைத்திருப்பது, பத்து நாளுக்குக் குறையக்கூடாது. அவசரப்பட்டு முட்டைப் பிரிக்கும் மேஸ்திரியோடு சண்டை போடத் தயங்காதீர்கள்.

4. காகிதங்களை ஒரு உறையில் போடுங்கள்

சொந்தக் காசில் சின்ன வேலை என்றால் பொறியாளர் அறிக்கை, போட்டோ, கொட்டேஷன் போதும். கடன் வாங்குவதென்றால் வங்கி கேட்பவை: வீட்டுப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், சொத்துவரி ரசீது, அங்கீகரித்த வரைபடம், பொறியாளர் கையெழுத்திட்ட மதிப்பீடு, வருமானச் சான்று. வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுக்கலாம். எங்களுக்கு இழுத்தது வரைபடம். அப்பா எங்கோ வைத்து, பரணில் பழைய காலண்டர்களுக்கு நடுவில் கிடைத்தது. அதைத் தேடவே ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

பழுதுபார்க்க வாங்கிய கடன் வட்டிக்கு, நீங்களே குடியிருக்கும் வீடு என்றால், பழைய வரிமுறையில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு உண்டு. புதிய வரிமுறையில் கிடையாது. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கடனுக்கு எழுதுங்கள்.

வீட்டுக் காப்பீடு இருந்தால் பாலிசியை எடுத்துப் படியுங்கள். பாரத் கிருஹ ரக்ஷா போன்ற பாலிசியில் புயல், வெள்ளச் சேதத்துக்குப் பணம் உண்டு. வருஷக்கணக்கில் ஊறி வந்த ஒழுகலுக்குக் கிடையாது. புயலில் ஷீட் பறந்தது, மரம் விழுந்து கைப்பிடிச் சுவர் உடைந்தது என்றால், எதையும் ஒதுக்குவதற்கு முன் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து, உடனே தகவல் சொல்லுங்கள்.

அடுக்குமாடியில் மேல்தளத்தில் குடியிருந்தால் நீங்கள் தனியாகச் செலவு செய்ய வேண்டியதில்லை. மொட்டை மாடி எல்லோருக்கும் பொது என்றால் செலவும் பொது. சங்கத்துக்குக் கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் கட்டைவிரல் தூக்கிவிட்டுப் போய்விடுவார்கள்.

5. கொட்டேஷனை வரிவரியாகப் படியுங்கள்

மூன்று பேரிடம் வாங்குங்கள், மூன்று பேருக்கும் அதே வேலைப் பட்டியலைக் கொடுத்து வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒருவர் சதுர அடிக்கு 60 என்பார், இன்னொருவர் 240 என்பார், இரண்டும் வெவ்வேறு வேலையாக இருக்கும். பழைய மேஸ்திரிகள் ‘சதுரம்’ என்று விலை சொன்னால் அது நூறு சதுர அடி.

2025 பிப்ரவரி, மார்ச்சில் எங்கள் 900 சதுர அடிக்கு ஆன செலவு:

பொறியாளர்: 6,000
ஓடும் சுருக்கியும் பெயர்த்துக் கீழே இறக்க, சதுர அடிக்கு 35: 31,500
கழிவை அள்ளிப் போக, ஐந்து லோடு, லோடுக்கு 4,000: 20,000
விரிசல் அடைத்து, மெஷ் வைத்து, வெறும் தளத்துக்கு இரண்டு கை பாலிமர் சிமென்ட் பூச்சு, சதுர அடிக்கு 45: 40,500
வாட்டம் போட்டுக் கூலிங் டைல்ஸ் பதிக்க, சதுர அடிக்கு 130: 1,17,000
சீலிங்கில் கம்பி வைத்தியம், 60 சதுர அடி, 350 வீதம்: 21,000
கைப்பிடிச் சுவர் பூச்சும் மூலை உருட்டலும்: 18,000
குழாய்கள்: 9,000

மொத்தம் 2,63,000. முதல் இரண்டு தடவை விட்ட 35,000 இதில் சேராது.

பொறிகள் எங்கே இருக்கின்றன என்றால்:

கழிவு. ‘இடித்துத் தருவோம்’ என்றால் மாடியில் குவித்துத் தருவோம் என்று பொருள் எடுத்துக்கொள்வார்கள். இறக்குவதும் அள்ளிப் போவதும் யார் பொறுப்பு என்று தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். எதிர் மனையில் கொட்டிவிட்டுப் போனால் அபராதம் உங்கள் வாசலுக்குத்தான் வரும். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் என்றால் 1913க்கு அழைத்து எங்கே கொட்டலாம் என்று கேளுங்கள்.

அளவு. கைப்பிடிச் சுவரின் உள்பக்கத்தையும் சேர்த்து அளந்து 900ஐ 1,100 ஆக்குவார்கள். சேர்ப்பது தப்பில்லை, முன்னாலேயே சொல்ல வேண்டும். டேப்பின் மறுமுனையை நீங்கள் பிடியுங்கள்.

ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர் என்றால் 18 சதவீதம். விலையில் சேர்ந்ததா, மேலேயா?

கியாரண்டி. கம்பெனி தருவது வாளிக்குள் இருக்கும் பொருளுக்கு. அடித்த வேலைக்கு அடித்தவர்தான் பொறுப்பு. எனக்குக் கிடைத்த ‘பத்து வருஷ கியாரண்டி’ வாளியின் மூடியில் அச்சடித்திருந்தது. அடித்தவர் ஃபோனையே எடுக்கவில்லை. எத்தனை வருஷம், ஒழுகினால் எத்தனை நாளில் வந்து பார்ப்பார், எது எது அடங்காது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

பணத்தை வங்கி வழியாகவோ யூ.பி.ஐ. வழியாகவோ கொடுங்கள், பில் வாங்குங்கள். தகராறு வந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இவைதான் ஆதாரம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வேலைக்கு அங்கே கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் பாருங்கள், சில சமயம் அதிலேயே இறங்கி வருவார்கள்.

6. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

பிப்ரவரி, மார்ச். பொங்கல் முடிந்து ஆட்கள் ஊரிலிருந்து திரும்பியிருப்பார்கள், தளம் காய்ந்திருக்கும், வெயிலும் கொல்லாது. மே மாதத்தில் செய்தால் தளம் கொதிக்கும். பூச்சு கையிலிருந்து இறங்குவதற்குள் காய்ந்து திட்டுத்திட்டாக நிற்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் சாயங்கால இடிமழை இருக்கிறது. ஐப்பசி பிறந்தபின் தளத்தைத் திறந்தால் வீட்டுக்குள் குடை பிடிக்க வேண்டும். அந்தச் சமயத்தில் ஒழுகினால் தற்காலிகமாகத் தார்ப்பாய் போட்டு, குழாய் வாயை மட்டும் அடைத்துச் சமாளித்துவிட்டு, பிப்ரவரிக்கு ஆளை இப்போதே பேசிவையுங்கள்.

எங்களுக்கு 27 நாள் ஆனது. பெயர்க்க நாலு நாள், சுத்தம் செய்து விரிசல் அடைக்க மூன்று, பூச்சுக்கு இரண்டு, தண்ணீர் நிறுத்த மூன்று, வாட்டத்துக்கு மூன்று, கியூரிங் ஏழு, ஓடு பதித்து இணைப்பு அடைக்க ஐந்து. பத்து நாளில் முடித்துத் தருகிறேன் என்பவர் எதை விடப்போகிறார் என்று கேளுங்கள்.

சோலார் போடும் எண்ணம் இருந்தால் மாடியை முதலில் முடியுங்கள். 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வருகிறதென்று அவசரப்பட்டுப் பேனலை நட்டுவிட்டு, அடுத்த வருஷம் கழற்றி மாட்டக் காசு கொடுத்த வீடு எங்கள் தெருவிலேயே இருக்கிறது.

7. வேலை நடக்கும்போது மாடியில் நில்லுங்கள்

பெயர்க்க ஆரம்பித்த முதல் நாள், கடப்பாரையை ஓட்டுக்கடியில் கொடுத்து நெம்பியபோது புழுங்கிய மண் வாசனை குப்பென்று வந்தது. மழை விட்டு இரண்டு மாசமாகியிருந்தது. சுருக்கி இன்னும் கறுப்பாக, கையில் எடுத்துப் பிசைந்தால் பிடிக்கிற அளவு ஈரமாக இருந்தது. மேஸ்திரி ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்தார். "இதுக்கு மேலதான் அக்கா போன தடவை பெயின்ட் அடிச்சிருக்கீங்க."

பெயர்க்கும்போது பெரிய சம்மட்டி வேண்டாம். சின்னச் சுத்தியலும் உளியும் போதும். சம்மட்டி அடி தளத்தில் புது விரிசலை உண்டாக்கும். கழிவை ஒரே இடத்தில் குவிக்க விடாதீர்கள், அன்றன்றைக்கு இறக்குங்கள். பெரிய தார்ப்பாய் ஒன்று முதல் நாளே வீட்டில் இருக்கட்டும்.

வெறும் தளம் தெரிந்ததும் இரண்டு நாள் நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க எளிய வழி: ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி மூடிவையுங்கள். மறுநாள் தாளின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் இருந்தால் இன்னும் காயவில்லை.

வாளிகளை எண்ணுங்கள். எவ்வளவு பரப்புக்கு எத்தனை கிலோ என்று வாளியிலேயே போட்டிருக்கும். 900 சதுர அடிக்கு எத்தனை வாளி வர வேண்டும் என்று கணக்குப் போட்டு, அத்தனையும் சீல் உடையாமல் வந்ததைப் பார்த்து, காலி வாளிகளைக் கடைசிவரை கொடுக்காதீர்கள். தண்ணீர் ஊற்றி நீட்டுவது சகஜம். பூச்சு காலை பத்து மணிக்குள், இல்லையென்றால் நாலு மணிக்கு மேல். முதல் கை கிழக்கு மேற்காக என்றால் இரண்டாம் கை தெற்கு வடக்காக.

மூலைகளை உருட்டிப் பூசச் சொல்லுங்கள். சுவரும் தளமும் நேர் மடிப்பாகச் சேரக்கூடாது. பூச்சு சுவரில் ஓர் அடி உயரத்துக்கு ஏற வேண்டும். குழாய் வாயைச் சுற்றி மெஷ் கட்டாயம். அங்கே மட்டும் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

பூச்சு காய்ந்தபின், வாட்டம் போடுவதற்கு முன், தண்ணீர் நிறுத்துங்கள். 48 மணி நேரம். கீழே சீலிங்கைப் பாருங்கள். "ஓடு போட்டப்புறம் சேத்துப் பார்த்துக்கலாம்" என்பார்கள். ஓடு போட்டபின் ஒழுகினால் மறுபடி உடைப்பது உங்கள் ஓடு. எங்களுக்கு இந்தச் சோதனையில் தொட்டிக் கால் பக்கம் ஒரு ஈரத்திட்டு தெரிந்தது. அரை நாள் வேலையில் சரியாயிற்று.

வாட்டம் பத்தடிக்கு இரண்டு அங்குலம். முப்பதடி மாடிக்கு ஒரே பக்கம் குழாய் இருந்தால் மறுபக்கம் ஆறு அங்குலம் ஏறிவிடும், அவ்வளவும் தளத்தின்மேல் பாரம். அதற்குப் பதில் இரண்டு பக்கமும் குழாய் வைத்து நடுவிலிருந்து பிரித்துவிடலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். புதுக் குழாயை மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டியோடு இணைக்க மறக்காதீர்கள்.

8. கடைசிப் பணத்தைக் கையில் வையுங்கள்

முன்பணம் 20 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். பெயர்த்துக் கழிவு போனதும் 20, தண்ணீர்ச் சோதனை தேறியதும் 30, ஓடு முடிந்ததும் 20. மீதி 10 சதவீதம் ஒரு பருவமழை பார்த்துவிட்டு. மூன்றில் இரண்டு பேர் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒத்துக்கொண்ட மூன்றாவது ஆளுக்குத்தான் வேலையைக் கொடுத்தோம். அவர் விலை நடுவிலிருந்தது.

முடிந்ததும் வாங்க வேண்டியவை: பில், கையெழுத்திட்ட கியாரண்டி, வாளிகளின் பேட்ச் எண் போட்டோ, புதுக் குழாய் போகும் வழியின் போட்டோ. பின்னால் யாராவது மாடியில் டிரில் போட வந்தால் காட்ட இது உதவும்.

9. வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

செப்டம்பர் கடைசியில் மாடி ஏறுங்கள். குழாய் வாயிலிருந்து இலை, காக்கை கொண்டுவந்து போட்ட எலும்பு எல்லாம் அள்ளுங்கள். ஓட்டு இணைப்புகளில் விட்டிருந்தால் அடையுங்கள். செடி முளைத்திருந்தால் வேரோடு எடுக்கும்வரை விடாதீர்கள். கைப்பிடிச் சுவர் மேல்பக்கத்தையும் பாருங்கள், அங்கே விரிசல் விட்டால் தண்ணீர் சுவருக்குள் இறங்கி, தளத்தில்தான் ஒழுகுகிறது என்று உங்களைச் சுற்றவிடும். ஏ.சி. மெக்கானிக், டிஷ் போடுபவர், கேபிள்காரர் யாராக இருந்தாலும் தளத்தில் துளை போடக்கூடாது, சுவரில் போடட்டும்.

எங்கள் மேஸ்திரி 2025 டிசம்பர் கடைசியில் ஒரு நாள் வந்தார். பின் அறைக்குள் போய் மூலையில் கை வைத்துப் பார்த்தார். அம்மா காபி கொடுத்தார். பாக்கி 10 சதவீதத்தை அங்கேயே யூ.பி.ஐ.யில் அனுப்பினேன்.